லூயிஜி மட்டும் அடி வாங்குகிறானா? பி பட்டனைப் பாருங்கள்

கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் 'மாரியோ அண்ட் லூயிஜி: சூப்பர்ஸ்டார் சாகா' (2003) விளையாட்டைப் புதிதாக ஆடுபவர்கள், அடி வாங்கினால் முதலில் தங்கள் கைவேகத்தைத்தான் குறை சொல்வார்கள். சண்டையில் ஏ பட்டன் மாரியோவுக்கு, பி பட்டன் லூயிஜிக்கு. எதிரி பாயும்போது அடி வாங்குபவனின் பட்டனை அழுத்திக் குதித்தால் தப்பலாம். இருவருமே அடிபட்டால் பழக்கம் போதவில்லை. லூயிஜி மட்டும் என்றால் பட்டனில் சந்தேகம். சண்டைக்கு வெளியே, மாரியோ முன்னால் நிற்க, பி-யை இருபது தடவை அழுத்துங்கள். லூயிஜியின் ஒரு குதி தவறினாலும் கருவியைக் கழற்ற வேண்டியதுதான்.

செங்கோட்டைப் பக்கம் சாரல் சீசனில் இது அடிக்கடி வரும். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில், பட்டனுக்கு அடியில் தேங்கிய தூசியும் கைப்பிசுக்கும் பிசினாகிவிடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒய் வடிவத் திருப்புளியால் பின்மூடியைத் திறக்கவும். பேட்டரி அறைக்குள் ஒரு சாதா நட்சத்திரத் திருகு ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு நெம்பினால் மூடி உடையும். திரையின் ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள், அதைப் பிடித்திருக்கும் பூட்டை இருபுறமும் தளர்த்தினால் தானாக வரும். மின்சுற்றுப் பலகையில் பட்டனுக்கு நேரே உள்ள கறுப்புத் தடங்களை 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்கவும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கார்பன் பூச்சு போய்விடும். சானிட்டைசர் ஜெல்லும் பிசுக்கை விட்டுவைக்கும். பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். அதன் கறுப்புப் பொட்டு தேய்ந்திருந்தால் புது ரப்பர்தான்.