உடும்பையும் பலூன் தவளையையும் ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கரையான், எறும்பு தின்று வாழும் பலூன் தவளையும் கரையான் புற்றில் முட்டையிடும் உடும்பும் சென்னையில் ஒரே காலி மனையில் இருக்கலாம். அதனால் கணக்கெடுக்கப் புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிறார்கள். இந்த வாரம் அப்படி மூன்று நோட்டுகள் பார்த்தேன். மூன்றிலும் நான் ஆரம்பத்தில் செய்த அதே தப்பு. எது ஊர்வன, எது இருவாழ்வி என்ற குழப்பமெல்லாம் ஒரே நாளில் தெளிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

நீளம்

உடும்பு 175 செ.மீ. வரை வளரும் என்றால் அதில் வாலே சுமார் 100 செ.மீ. தவளைக்கு வால் கிடையாது. இரண்டையும் மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை மட்டும் அளந்து ஒப்பிடுங்கள்.

'தவளை: 0'

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பல வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம், வேளச்சேரிப் பக்கம் ஒரு மனையில் மூன்று நாள் காலையில் நடந்தோம். புற்றின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்புகள் நான்கு. தவளை ஒன்றுகூட இல்லை. 'பலூன் தவளை: 0' என்று நானே எழுதினேன்.

அது பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கிவிடும் தவளை. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் இரவில் போனேன். மனையின் நடுவே இருந்த பள்ளத்தில் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் ஆண் தவளைகள் உடம்பை உப்பிக்கொண்டு மிதந்தபடி கத்திக்கொண்டிருந்தன. நான் நின்று அளந்த அதே இடம்!

திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆனால் மே மாதத் தாள் அதற்குள் கைமாறிப் போயிருந்தது. 'தவளை இல்லை' என்று அதைக் காட்டியே பள்ளத்தில் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிவிட்டார்கள். பகலில் தெரியும் பிராணியையும் மழை இரவில் மட்டும் வெளியே வரும் பிராணியையும் ஒரே நேரத்தில் எண்ணி, ஒன்று நிறைய, இன்னொன்று இல்லை என்று எழுதாதீர்கள். 'மே, காலை 7 மணி, மழை இல்லை, தென்படவில்லை' என்று எழுதுங்கள். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், நல்ல மழை பெய்த இரவில் அதே இடத்துக்குப் போங்கள்.

கையில் எடுப்பது

வேண்டாம். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தவளை தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும், உங்கள் கையில் உள்ள கொசு மருந்தும் அதே வழியில் உள்ளே போகும்.