விக்கி லவ்ஸ் எர்த் போட்டிக்குப் படம் அனுப்புவது எப்படி?

சரணாலயம், தேசியப் பூங்கா, சதுப்புநிலம் என்று பாதுகாக்கப்பட்ட இயற்கை இடங்களைப் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியா பயன்படுத்தும் படங்களின் இலவசக் களஞ்சியம்) ஏற்ற வேண்டும். விக்கி லவ்ஸ் எர்த் போட்டி அவ்வளவுதான். 2013இல் உக்ரைனில் தொடங்கி அடுத்த ஆண்டே பல நாடுகளுக்குப் பரவியது. கட்டணம் கிடையாது. பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படம் பொதுவகத்திலேயே இருக்கும், விக்கிப்பீடியாக் கட்டுரையிலோ பள்ளிப் பாடத்திலோ யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இதனால்தான் மற்றப் போட்டிகளைவிட எனக்கு இது பிடிக்கும். வென்ற நூறு படங்களை ஒரு கண்காட்சியில் மாட்டிவிட்டு மற்றதையெல்லாம் மறந்துவிடுகிற கதை இங்கே இல்லை.

படம் எடுப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. நல்ல படம் கையில் இருந்தும் பதிவேற்றத்தில் கோட்டைவிடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் தேதியும் நாடும்

ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் போட்டி நடத்துகிறது. பொதுவாக மே முதல் ஜூலைக்குள் வரும், தேதி நாட்டுக்கு நாடு மாறும். இந்தியா பல ஆண்டுகளில் கலந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். உள்நாட்டு நடுவர்கள் பொறுக்கி எடுக்கும் சில படங்கள் மட்டும் சர்வதேசச் சுற்றுக்குப் போகும்.

மே மாதத்தில் வேடந்தாங்கலுக்குப் போனால் பெரும்பாலும் காய்ந்த ஏரியைத்தான் பார்க்கலாம். கவலை வேண்டாம். பதிவேற்றம்தான் போட்டி நாட்களுக்குள் நடக்க வேண்டும், படம் எந்த ஆண்டு எடுத்ததாகவும் இருக்கலாம். ஆகவே முதல் வேலை காட்டுக்குக் கிளம்புவது அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டுவது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் எடுத்த கூழைக்கடா அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

கணக்கு

விக்கிப்பீடியாக் கணக்கு இருந்தால் அதுவே போதும். புதிதாகத் தொடங்கினால் மின்னஞ்சலைக் கொடுத்து உறுதிப்படுத்துங்கள். "பிற பயனர்கள் எனக்கு மின்னஞ்சல் அனுப்பலாம்" என்ற விருப்பத்தையும் திறந்து வையுங்கள். பரிசு கிடைத்தால் போட்டி நடத்துபவர்கள் உங்களைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

படத்தைத் தயார் செய்தல்

கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பைப் பொதுவகம் ஏற்காது, ஜேபெக் ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். நான் டார்க்டேபிள் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம், திறந்த மூலம், சந்தாத் தொல்லை இல்லை. கற்றுக்கொள்ள முதல் வாரம் கொஞ்சம் படுத்தும், அப்புறம் பழகிவிடும். முழு அளவிலேயே ஏற்றுமதி செய்யுங்கள். இணையத்துக்காக என்று சுருக்கினால் நடுவர் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது.

மூலையில் பெயர் பொறிப்பது, சட்டம் கட்டுவது, தேதி முத்திரை எல்லாம் வேண்டாம். சில போன்கள் தாமாகவே தங்கள் மாடல் பெயரைப் படத்தின் அடியில் அச்சடித்துவிடும். கேமரா அமைப்பில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

எந்த இடம்? எந்த இணைப்பு?

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நானும் இதில் ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

படம் இயற்கையைக் காட்டினால் மட்டும் போதாது, அது பட்டியலில் உள்ள ஒரு பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், நடுவில் தனியார் தேயிலைத் தோட்டங்கள். சாலையோரத்தில் சிங்கவால் குரங்கைப் படமெடுக்க அதைவிட வசதியான ஊர் கிடையாது. ஆனால் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் எடுத்த குரங்கு, எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும், காப்பகத்துக்குள் எடுத்தது ஆகாது. இடம் சந்தேகமாக இருந்தால் வரைபடத்தில் எல்லையைப் பார்த்துவிடுங்கள். சென்னைப் பள்ளிக்கரணையிலும் இதே சிக்கல்தான்: சதுப்புநிலம் 2022இல் முக்கிய ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதற்காகப் பக்கத்துத் தெரு ஏரி எல்லாம் அதற்குள் வந்துவிடாது.

இடம் சரி என்றால், போட்டிப் பக்கத்தில் உங்கள் நாட்டுக்கான பட்டியலைத் திறந்து, அங்கிருக்கும் பதிவேற்ற இணைப்பை அழுத்துங்கள். பொதுவகத்தின் முகப்பில் உள்ள வழக்கமான பதிவேற்றப் பொத்தானை அழுத்தாதீர்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் போட்டி இணைப்பு வழியாகப் போனால்தான் போட்டிக்கான வார்ப்புருவும் (படம் போட்டிக்கு வந்தது என்று காட்டும் குறிப்பு வரி) பகுப்பும் (படங்களை வகைப்படுத்தும் குறிச்சொல்) தாமாகச் சேரும். வழக்கமான பொத்தானில் போனால் படம் அழகாக ஏறிவிடும், நன்றி என்றுகூடச் சொல்லும், போட்டியில் மட்டும் இருக்காது. எந்த எச்சரிக்கையும் வராது என்பதுதான் கொடுமை.

ஏற்றி முடித்ததும் படத்தின் பக்கத்தில் கீழே வரை போய், அந்த ஆண்டும் நாடும் குறிப்பிட்ட போட்டிப் பகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே ஆண்டில் வேறொருவர் ஏற்றிய படத்தின் பக்கத்தைத் திறந்து, தொகு பொத்தானை அழுத்தி, அங்கே உள்ள வார்ப்புரு வரியை நகலெடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டுங்கள். போட்டி முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

உரிமம்

சொந்தப் படைப்பு என்று குறிப்பிட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல்–அதேமுறைப் பகிர்வு 4.0 உரிமத்தில் விடுங்கள். இதன்படி உங்கள் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், காலண்டரில் அச்சிட்டு விற்கவும் செய்யலாம். "வணிகத்துக்குக் கூடாது" என்ற நிபந்தனையைப் பொதுவகம் ஏற்காது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. விற்க நினைக்கிற படத்தையும், வெளியிடாத படம்தான் வேண்டும் என்கிற வேறு போட்டிக்கு ஒதுக்கியதையும் இங்கே ஏற்றாதீர்கள். மற்றதை யோசிக்காமல் கொடுங்கள். டிஸ்க்கில் கிடந்து என்ன ஆகப்போகிறது?

பெயரும் விளக்கமும்

ஐஎம்ஜி 2034 என்ற மாதிரிக் கோப்புப் பெயரைப் பதிவேற்றக் கருவி ஏற்காது. "நத்தைகுத்தி நாரை, வேடந்தாங்கல்" என்று வையுங்கள். விளக்கம் தமிழில் எழுதலாம், தாராளமாக எழுதுங்கள். கூடவே உயிரினத்தின் அறிவியல் பெயரையும் போட்டால் வேறு மொழிக்காரர்களும் தேடி எடுப்பார்கள். பெயர் தெரியாவிட்டால் உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் கேளுங்கள். தேடுபொறியின் படத்தேடல் பூச்சிகளில் ரொம்பவே உளறுகிறது, ஐநேச்சுரலிஸ்டில் மனிதர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள். "அழகிய பறவை" என்ற விளக்கத்தோடு கிடக்கிற படத்தை எந்தக் கட்டுரையாளரும் எடுக்கமாட்டார்.

நிலப்பரப்பு, நெருக்கப்படம் என்று இரண்டு பிரிவாக மதிப்பிடுகிறார்கள். நம் ஆட்கள் எல்லோரும் மயிலையும் யானையையும் நெருக்கத்தில் அனுப்புகிறார்கள். கோடியக்கரையின் உப்புச் சமவெளியையோ களக்காடு மலையின் மழைமேகத்தையோ அகலமாக எடுத்து அனுப்புங்கள், போட்டி குறைவு.

கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படம் வேண்டவே வேண்டாம். தாய்ப்பறவை பறந்துபோனால் முட்டை வெயிலில் வெந்துபோகும். அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் டிரோன் பறக்கவிட்டால் வனத்துறை வழக்குப் போடும், அதுவும் சரிதான்.

பின்னர் சேர்த்தவை

நண்பர் தானே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஏற்றினேன், நீக்கச் சொல்லிக் குறிப்பு வந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு சிக்கல். ஒன்று, எடுத்தவர்தான் ஏற்ற வேண்டும். இரண்டு, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, கேமரா விவரங்களையும் உருவிவிடுகிறது. சிறிய படம், கேமரா விவரம் இல்லை என்றால் இணையத்தில் சுட்டது என்றுதான் பொதுவகத்தில் சந்தேகப்படுவார்கள். உங்கள் படமே ஆனாலும் போனிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றி ஏற்றுங்கள்.

மொபைல் இணையத்தில் "ஐபி தடுக்கப்பட்டுள்ளது" என்று வருவதாக இன்னொருவர் சொன்னார். ஒரே ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) பலர் பகிர்வதால், யாரோ செய்த விஷமத்துக்கு உங்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்தியிருக்கும். வீட்டு வைஃபையில் முயலுங்கள், விபிஎன் இருந்தால் அணையுங்கள்.

கடைசியாக ஜிபிஎஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: நிலப்பரப்புக்குத் துல்லியமான இடக்குறிப்பு இருப்பது நல்லது. அரிய ஆர்க்கிட், ஆமை, ஆந்தை என்றால் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், திருடுகிறவர்களும் வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்களே. டார்க்டேபிளில் ஏற்றுமதி செய்யும்போது இடக்குறிப்பைச் சேர்க்காமல் விடும் வசதி உண்டு. சரணாலயத்தின் பெயர் மட்டும் இருந்தால் போட்டிக்குப் போதும்.