பழைய காரின் பின்அச்சைக் கழற்றிச் சீரமைப்பது: முதல்முறை கைவைப்பவர்களுக்கு

பழைய காரைச் சீரமைக்க இறங்குபவர்களில் பலர் முதல் நாளே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். அன்று எடுக்க வேண்டியது அளவு நாடாவும் நோட்டும்தான். கழற்றிய பிறகு கார் முன்பு எப்படி நின்றது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்த விளக்கம் ஒரு வகை அமைப்புக்கு மட்டும் பொருந்தும்: இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் திடமான அச்சு, அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த கார்களில் பல இப்படித்தான். சுருள் ஸ்பிரிங் உள்ள கார் என்றால் கழற்றும் முறையே வேறு.

முதலில் ஓட்டிக் கேளுங்கள், பிறகு அளங்கள்

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறுகிற ஊளைச் சத்தம் வந்தால் சந்தேகம், அச்சின் நடுவே சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் மீது விழ வேண்டும். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிற உறுமல் பெரும்பாலும் சக்கர பேரிங்கின் வேலை. கியர் போட்டு நகரும் கணத்தில் 'டக்' என்று ஒரு அடி கேட்டால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டு) யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மூட்டைப் பாருங்கள். கேட்டதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை இருபுறமும் அளங்கள். ஒரு பக்கம் வெளிப்படையாகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைத்து ஆடும் ஷாக்கிள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, பிரேக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதையும் படமெடுத்து வையுங்கள்.

தூக்குவதும் கழற்றுவதும்

அச்சை ஸ்பிரிங்கோடு கட்டிவைக்கும் யு-போல்ட்களின் துருப்பிடித்த நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் முன்பே தெளிக்கத் தொடங்குங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளைக் கழற்றப் போவதால் அதை நம்ப முடியாது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஸ்டாண்டுகளைச் சேஸிஸின் உறுதியான பகுதியில், ஸ்பிரிங்கின் முன்முனைக்கு முன்னால் நிறுத்துங்கள். தரைத்தகட்டுக்கு அடியில் வைத்தால் தகடு உள்வாங்கிவிடும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. வெறும் ஜாக்கியின் மீது நிற்கும் காருக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் விளிம்பிலும் (ஃபிளாஞ்ச்) அதோடு சேரும் பினியன் விளிம்பிலும் நேருக்கு நேர் ஒரு குறி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் சேராவிட்டால் அதிர்வு வரும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அச்சுக்கு அடியில் டிராலி ஜாக்கியைக் கொடுத்துவிட்டு, பிரேக் குழாய், கேபிள், ஷாக் அப்சார்பரின் கீழ்முனை, கடைசியாக யு-போல்ட் என்ற வரிசையில் கழற்றலாம். அச்சு கனமானது, உருண்டு சரியும் குணமுடையது. இந்த நேரத்தில் மட்டுமாவது இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆயில் சொல்லும் சேதி

ஆயிலை வடிக்கும் முன், நிரப்பும் துளையின் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அந்த மூடி அசையாவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது நிரப்ப வழியில்லாத காலி அச்சு.

வடித்த ஆயிலைத் தட்டில் பரப்பி, ஒரு காந்தத்தை அதில் இழுத்துப் பாருங்கள். சாம்பல்நிறக் களிம்பு போல ஒட்டினால் கவலை வேண்டாம், பல வருடத் தேய்மானம் அது. விரல்களுக்கிடையில் நெருடும் சில்லுகள் வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

சில்லுகள் இல்லை, ஊளைச் சத்தமும் இல்லை, பினியன் விளிம்பைக் கையால் சுற்றினால் கரகரப்பில்லாமல் சுழல்கிறது என்றால் டிஃபரென்ஷியலை, அதாவது கிரவுனும் பினியனும் இருக்கும் நடுப்பகுதியை, தொடாதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அதையும் பிரித்துவிடலாம்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த ஜோடி. அவற்றுக்கிடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில் அமைக்கப்படுவது. அதை மீண்டும் அமைக்க நுண்ணளவு காட்டும் டயல் கேஜும் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களும் போதாது, பழகிய கையும் வேண்டும். சத்தம் வந்தால் அந்தக் கை உள்ளவரிடம் கொடுங்கள்.

ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் வளையமான பினியன் ஆயில் சீலை மாற்றும்போதும் இதே எச்சரிக்கை உண்டு. பல அச்சுகளில் பினியன் நட்டுதான் பேரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது அது எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை, தீர்மானிக்கிறது. கழற்றும் முன் நட்டிலும் தண்டிலும் குறி போட்டு, வெளியே தெரியும் மரைகளையும் எண்ணி எழுதிவிடுங்கள்.

சீல் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் காரில் வலது பின்சக்கரத்தின் சீல் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்தது. மாற்றினேன், ஒரு மாதத்தில் மறுபடியும் கசிந்தது. சீல் தரமற்றது என்று திட்டிக்கொண்டே இன்னொன்று போட்டேன். அதுவும் கசிந்தது. பிறகுதான் அச்சின் மேலே சுண்டுவிரல் நுனியளவு இருந்த ஒரு குமிழைப் பார்த்தேன். அது காற்றுப்போக்கி. சேறும் எண்ணெயும் இறுகி அடைத்திருந்தது. ஓடி ஓடி அச்சு சூடேறும்போது உள்ளே விரியும் காற்று வேறு வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. ஒரு கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு கசிவு நின்றது. உங்கள் அச்சில் முதலில் அதைத் தேடுங்கள்.

பட்டை ஸ்பிரிங்

நடு போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைகளை இருபுறமும் கிளாம்பால் இறுக்குங்கள். வளைவு வேறுபட்ட பட்டைகளை ஒன்றாக நெரித்து வைத்திருப்பது அந்தப் போல்ட்தான். சும்மா விட்டால் துள்ளும். கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பிரியுங்கள்.

கம்பிப் பிரஷால் தேய்த்தபின், நடுத்துளையைச் சுற்றி விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீழ்ப்பட்டையின் முனை மேல்பட்டையில் பள்ளம் தோண்டியிருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் கூடாது. தளர்ந்த ஸ்பிரிங்கை நெருப்பில் காட்டி வளைக்கவும் கூடாது, எஃகின் பதம் போய்விடும். ஸ்பிரிங் பட்டறையில் வளைவேற்றிப் பதப்படுத்தித் தருவார்கள். ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

ஸ்பிரிங் முனைகளின் துளைகளில் செருகியிருக்கும் பழைய ரப்பர் புஷ்களை எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நச்சு. ரப்பரில் வரிசையாகத் துளையிட்டுப் பிதுக்கி எடுத்து, மிஞ்சிய இரும்புக்கூட்டை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தால் போதும். புதியதைச் செருகச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பாலியூரிதேன் புஷ் உழைக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொல்லும். என் ஓட்டு ரப்பருக்கே.

துரு நீக்கம், பிரைமர், கறுப்பு எனாமல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்பிரிங் உட்காரும் தளத்தில் மட்டும் பெயின்ட்டைத் தடிமனாகப் பூசாதீர்கள். பின்னாளில் அது நசுங்க, யு-போல்ட் தளரும்.

பூட்டுதல்

யு-போல்ட்களைப் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை முறுக்கி நீண்டவை அவை. நடு போல்ட்டின் தலை அச்சின் தளத்திலுள்ள துளைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாக, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் கையேட்டு அளவுக்கு முறுக்குங்கள்.

ஸ்பிரிங் முனைகளின் புஷ் போல்ட்களை மட்டும் இப்போது முறுக்க வேண்டாம், கைமுறுக்கில் விடுங்கள். கார் தூக்கி நிற்கையில் அச்சு தொங்குகிறது. அந்த நிலையில் முறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் திருகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரங்களைப் பூட்டி, தரையில் இறக்கி, பின்புறத்தை நான்கைந்து முறை அழுத்திக் குலுக்கிய பிறகு இறுக்குங்கள்.

ஆயிலுக்கு வருவோம். 1926-இல் பாக்கார்டு நிறுவனம் ஹைப்பாய்டு பற்சக்கரத்தைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது பரவியது. இதில் பினியன், கிரவுனின் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்பதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்க, உயர் அழுத்தச் சேர்க்கை கொண்ட கியர் ஆயில்தான் வேண்டும். கையேட்டில் உள்ள தரத்தையே வாங்கி, கார் சமதரையில் நிற்க, நிரப்பும் துளையில் வழியத் தொடங்கும் வரை ஊற்றுங்கள். பிரேக்கில் காற்றை வெளியேற்றிவிட்டு, மிதி கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

முதல் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் யு-போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பட்டைகள் படிந்ததால் ஏதாவது ஒன்று கட்டாயம் இடம் கொடுத்திருக்கும். அன்றே நோட்டைத் திறந்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை மீண்டும் அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள்.