கடைசி இலக்கத்தை முன்னுக்கு வைத்தால் இரட்டிக்கும் எண்: கையாலேயே கட்டும் முறை

105263157894736842. இதன் கடைசி 2ஐ எடுத்து முன்னுக்கு வையுங்கள்: 210526315789473684. எண் சரியாக இருமடங்காகிவிட்டது. இந்தக் குணமுள்ள முழு எண்களில் மிகச் சிறியதே 18 இலக்கம் நீளம். மனப்பாடம் வேண்டாம், இரண்டாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளையே கட்டிவிடும். திருகோணமலைப் பள்ளிகளில் கணித தினத்துக்குச் செய்துகாட்ட இதைவிட நல்லது கிடைப்பது அரிது.

சதுர றூள் கொப்பியில் ஒரே வரியில் 18 கட்டம் எடுத்து, வலக்கோடியில் 2 எழுதுங்கள். இரட்டித்து அதன் இடப்பக்கம் 4, அடுத்து 8. எட்டை இரட்டித்தால் 16: ஆறை எழுதி, கையில் 1. ஆறை இரட்டித்து 12, கையில் உள்ளதோடு 13: மூன்றை எழுதி, கையில் 1. அடுத்தது 7. இப்படியே இடப்பக்கம் போங்கள். கையில் உள்ள 1ஐக் கட்டத்தின் மேல் பென்சிலால் சின்னதாகக் குறித்துக்கொள்வது அவசியம். அதை ஒருதரம் விட்டால் அதற்கு இடப்பக்கம் முழுவதும் பிழை.

பலரும் சறுக்குவது 15ஆம் கட்டத்தில். 14ஆவது 6, இரட்டித்தால் 12, ஆகவே 2 விழும். தொடங்கிய 2 திரும்பிவிட்டதென்று நிறுத்தினால் கிடைப்பது 63157894736842. அதன் இருமடங்கு 126315789473684. நமக்கு வேண்டியதோ 26315789473684. முன்னால் மிஞ்சி நிற்கும் அந்த 1, கையில் இருந்த 1தான். 2 வந்து, கையும் வெறுமையாக இருந்தால் மட்டுமே நிறுத்தலாம். ஆகவே தொடருங்கள்: 5, 0 (கையில் 1), 1. அடுத்து 2, கையில் ஒன்றுமில்லை. அந்த 2ஐ எழுத வேண்டாம்.

சரிபார்க்க எக்செல்லை நம்பாதீர்கள். அது 15 இலக்கத்தையே வைத்துக்கொண்டு மீதியைப் பூச்சியமாக்கிவிடும். எண்ணை 105263157, 894736842 என இரண்டாகப் பிரித்து இரட்டியுங்கள். இரண்டையும் கூட்டியும் பாருங்கள்: 999999999.

காரணம் இது. எண் N என்றால், 2N = 2×10¹⁷ + (N−2)/10. சுருக்கினால் 19N = 2×(10¹⁸−1). 10ⁿ−1 என்பது 19ஆல் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய n 18தான். நீளம் அங்கிருந்தே வருகிறது. 19ஆல் வகுபடாத எந்த எண்ணை 19ஆல் வகுத்தாலும் தசமத்தில் இதே வளையம் சுற்றும். நம் ஊர்த் தபால் குறியீடு 31000ஐ வகுத்துப் பாருங்கள்: 1631.578947368421052631…

3 முதல் 9 வரை எதில் தொடங்கினாலும் இதே வளையம்தான், வெட்டும் இடம் மட்டும் மாறும். 1இல் தொடங்கினால் முன்னால் 0 வந்துவிடும், அது உதவாது.

மும்மடங்கு வேண்டுமா? வலக்கோடியில் 3 வைத்து மூன்றால் பெருக்குங்கள். 28 கட்டம் தேவை. இங்கே கையில் 2 வரையும் வரும். நான்காம் கட்டத்திலேயே 3 வந்து ஏமாற்றும், ஆனால் கையில் 2 இருக்கிறது. முழு எண்: 1034482758620689655172413793.