கோலம் போட்டாயிற்று, பெயர் சேர்த்தாயிற்றா?

தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 வந்தால் சேலத்தில் பல கல்லூரி வாசல்களில் மை வைத்த விரல் கோலமாக மலர்ந்துவிடும். மார்ச் 8 வந்தால் அதே வாசலில் மேடை, மேடையில் பொன்னாடை. இரண்டையும் நான் பழிக்கப் போவதில்லை. எங்கள் தெருவின் சிறு மகளிர் வாசிப்புக் குழுவும் இரண்டையும் செய்திருக்கிறது; கோலத்தில் ஒருமுறை இரண்டாம் பரிசுகூட வாங்கியிருக்கிறது. பரிசு வாங்கிய அதே ஆண்டில்தான் நாங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெண்களின் வரலாற்றையும் வாக்காளர் பதிவையும் ஒரே பந்தலில் நடத்த நினைக்கும் குழுக்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் படிவம் 6, அதாவது வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம். முகாம் என்றதும் இதைத்தான் நூறு பிரதி எடுத்து அடுக்குகிறோம். அம்மாப்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். ஆத்தூர்ப் பக்கம் பிறந்த வீடு. கல்யாணமாகி இரண்டு ஆண்டு. “எனக்கு இங்கே ஓட்டு இல்லை அக்கா” என்றார். உடனே படிவம் 6-ஐ நீட்டினோம், எழுதினோம், புகைப்படம் ஒட்டினோம், வெற்றிப் பெருமிதத்தோடு அனுப்பிவைத்தோம். அவர் பெயர் ஆத்தூர்த் தொகுதிப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. கேட்க வேண்டிய ஒரே கேள்வியை யாரும் கேட்கவில்லை: “அம்மா வீட்டில் ஓட்டு இருந்ததா?”

படிவம் 6 முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டும். வேறு எந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்ற உறுதிமொழி அதன் கீழே இருக்கிறது. ஏற்கெனவே பெயர் உள்ளவர் அதில் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். உதவி செய்வதாக நினைத்து ஒரு பெண்ணைக் குற்றத்தில் கையெழுத்துப் போட வைக்கிறோம். வீடு மாறியவருக்கு உரியது படிவம் 8. அதே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்கு மாறினாலும் 2022 முதல் அந்த ஒரே படிவம்தான். பழைய அடையாள அட்டை எண்ணே தொடரும். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போவது பெரும்பாலும் பெண்கள்தான் என்பதால், மகளிர் முகாமில் மேலே அடுக்க வேண்டியது படிவம் 8.

பதினெட்டு நிறையாத பெண்களை “அடுத்த வருடம் வா” என்று திருப்பி அனுப்புவதும் பழைய பழக்கம். இப்போது தகுதி நாள் ஜனவரி 1 மட்டும் அல்ல. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு. பதினேழு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

படிவத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது, உறவினர் பெயர். தந்தை, தாய், கணவர் என யாராவது ஒருவர் பெயரை எழுதலாம். நம் தன்னார்வலர்கள் சேலையையும் தாலியையும் பார்த்துவிட்டு, கேட்காமலே கணவர் என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். கணவரைப் பிரிந்து வாழும் பெண் ஒருவர் வரிசையில் எல்லோர் முன்னாலும் பேனாவைப் பிடித்து நிறுத்தி, “அம்மா பெயரைப் போடலாமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். போடலாம். அதை முதலில் நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். தலைப்பெழுத்திலும் இதே சிக்கல்தான்: ஆதாரில் கணவரின் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ரேஷன் அட்டையில் எழுத்தே இல்லை. எது வேண்டும் என்று அவரையே கேட்டு, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

இந்த இடத்தில் வரலாறு தானாக உள்ளே வந்துவிடுகிறது. 1951-52இல் நடந்த நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது லட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. அப்போது முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் கிட்டத்தட்ட 28 லட்சம் பேர், பெரும்பாலும் வட மாநிலங்களில், பட்டியலில் இடம்பெறவில்லை. எங்கள் முகாமில் பத்து நிமிட உரைக்குப் பதிலாக இதை மட்டும் சொன்னோம். வரிசையில் நின்ற ஒரு பாட்டி, “எங்கள் மாமியாரையும் கடைசிவரை பெரியவன் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், பெயர் என்னவென்று எனக்கே தெரியாது” என்றார். மகளிர் வரலாறு என்று நாங்கள் அச்சடித்து வைத்திருந்த பதாகை அதற்குப் பக்கத்தில் வெறும் துணியாகத் தொங்கியது.

பதாகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 8-க்கு வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே மேடையில் வாசிப்பது எல்லாக் குழுக்களையும் பிடித்திருக்கும் நோய். பிரெஞ்சுப் புரட்சியில் பெண்கள் அரண்மனையை முற்றுகையிட்ட நாள் மார்ச் 8 என்று ஒரு கதை சுற்றுகிறது. பாரிஸ் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்தது 1789 அக்டோபர் 5. அந்தப் பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944-இல்தான். சென்னை மாகாணச் சட்டமன்றமோ 1921-லேயே பெண் என்பதால் வாக்கில்லை என்ற தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களில் முதலில் செய்தது நம் மாகாணம்தான். 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. சேலம் அந்த மாகாணத்தின் மாவட்டம். நம் வீட்டு நிலைப்படியில் இருக்கும் கதையை விட்டுவிட்டுப் பாரிசுக்கு ஏன் போகிறோமோ!

ஆனால் பெருமையில் ஒரேயடியாக மறுபக்கம் சாய்வதும் தவறு. “1921-இல் தமிழ்ப் பெண்களுக்கு வாக்குரிமை” என்று எழுதிவிடுகிறார்கள். சொத்தும் வரியும் தகுதியாக இருந்த காலம் அது; தறியில் உட்கார்ந்த பெண்ணுக்கும் தோட்டத்தில் கூலிக்குப் போன பெண்ணுக்கும் அது எட்டவில்லை. அவர்களுக்கு வாக்கு வந்தது அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு வந்த பிறகு. அதுபோல, முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது பேசுவார்கள். அவர் நியமன உறுப்பினர். பின்பு அவையின் துணைத் தலைவரானார். 1926-இல் தேர்தலிலேயே நின்று மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றவர் கமலாதேவி சட்டோபாத்யாய். தோற்றவர் கதை மாணவிகளுக்கு அதிகம் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

உள்ளூர்க் கதை என்றால் மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முளைத்த இடமே நம் பக்கத்து வீடு. 1989-இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்தது. முதல் நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதிய பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள், தேதி குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடித்த முடிவை அவர் வாயில் திணிக்காதீர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலம் மாவட்டத்தில் பிறந்தது. அதுவும் நம் பெண்களின் வரலாறுதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு கிராமத்துக்கே போய், அந்த ஊரைச் சுட்டிக்காட்டிப் படம் போட்டுக் காட்டுவது கொடுமை. நாங்கள் ஒருமுறை கிட்டத்தட்டச் செய்திருப்போம். ஊர்ப் பெரியம்மா ஒருவர் முன்கூட்டியே தடுத்தார்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் தவறுகளும் கூடவே ஏறுகின்றன. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை இரண்டே, மற்றது சேந்தமங்கலம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். எங்களோடு வந்த ஒருவர் அவர்களிடம் “கேரளாவில் எந்த ஊர்?” என்று கேட்டுவைத்தார். அதற்குப் பிறகு அன்று அந்த ஊரில் எங்களிடம் யார் பேசுவார்கள்? அதைவிடப் பெரிய பிழை நேரம். நவம்பர் முதல் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். பட்டியல் திருத்த முகாமும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். காலை பத்து மணிக்கு மேசை போட்டுவிட்டு, மலைப் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுகிறோம். அவர்கள் தோட்டத்தில் குனிந்து நிற்கிறார்கள். அரை நாள் வந்தால் அரை நாள் கூலி போகும். மாலையில் போங்கள், தோட்டத்துக்கு விடுமுறை நாள் எது என்று கேட்டுப் போங்கள்.

கீழே ஊரிலும் காலம் பார்க்க வேண்டும். ஆடியில் சேலமே மாரியம்மனுக்கு என்றாகிவிடும், புதுப்பெண்ணோ தாய்வீட்டில் இருப்பாள். தலைப்பிரசவத்துக்குப் போனவள் மாதக்கணக்கில் அங்கேதான். அந்த நேரத்தில் வீடு வீடாகப் போய், கதவு திறந்தவர் சொல்வதை நம்பி “இங்கே இல்லை” என்று குறித்தால் அவள் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இல்லாமல் போகக்கூடும்.

உள்ளாட்சித் தேர்தலையும் சட்டமன்றத் தேர்தலையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனி. கிராமத்தில் ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்கு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நான்கு நிறச் சீட்டுகளை மாதிரியாக வெட்டிக் கையில் கொடுத்தால் போதும், உரை வேண்டாம். பெண்களுக்கு உள்ளாட்சியில் 33 சதவீதம் என்று இன்னும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2016-இல் அது 50 ஆனது. நோட்டா அதிகம் விழுந்தால் சட்டமன்றத் தேர்தல் ரத்தாகும் என்பதும் கட்டுக்கதை. அந்தப் பொத்தான் தமிழ்நாட்டில் முதலில் வந்ததே 2013 டிசம்பர் ஏற்காடு இடைத்தேர்தலில் என்பதால் மலையில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

விண்ணப்பங்களைக் கட்டாகக் கட்டி அமைப்பின் பெயரில் அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள், ஏற்கமாட்டார்கள். ஒரே வீட்டாருடையதை ஒருவர் சேர்த்துத் தரலாம், அவ்வளவுதான். எல்லாப் படிவத்திலும் தன்னார்வலரின் கைப்பேசி எண்ணைப் போடுவது அதைவிட மோசம். தகவல் நமக்கு வரும், அவருக்கு வராது. ஆதார் நகல்களை வீட்டுப் பரணில் சேர்க்காதீர்கள். அட்டையைக் கையில் பிடித்த படத்தைக் குழுவில் பகிராதீர்கள். எண் தெளிவாகத் தெரிகிறது. பதிவு செய்தால் எவர்சில்வர் டப்பா என்று பரிசு வைத்தால், அடுத்து வாக்குக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளராகக் கூடியவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டு நடுநிலை என்று சொன்னால் அம்மாப்பேட்டையில் குழந்தைகூடச் சிரிக்கும்.

கடைசித் தவறு, முகாம் முடிந்ததும் பந்தலோடு சேர்த்து வேலையையும் கழற்றிவிடுவது. வரைவுப் பட்டியல் வெளியானதும் எங்கள் தெருவுக்கான பக்கங்களை எடுத்து, ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்து பெயர்களைச் சத்தமாக வாசித்தோம். கொலுசுப் பட்டறைப் பெண்ணும் வந்திருந்தார். அவருடைய படிவம் 6 நிராகரிக்கப்பட்ட பிறகு படிவம் 8 கொடுத்திருந்தோம். பெயர் வந்திருந்தது, இந்தத் தெருவில், சரியான வீட்டு எண்ணில். பாலினம் என்ற இடத்தில் ஆண் என்று இருந்தது. தெருவே சிரித்தது, அவரும் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே சிரித்தார். பிறகு இன்னொரு படிவம் 8-ஐ வாங்கி, இந்த முறை தானே நிரப்பத் தொடங்கினார்.