ஆரத்தித் தட்டில் கொஞ்சம் வேதியியல்

சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து அறிவியல் செய்ய வேண்டுமா? மஞ்சளில் தொடங்குங்கள். பாதிப் பொருள் அடுப்படியிலிருந்தே வந்துவிடும்.

முதல் நாளே காகிதம் தயாராக வேண்டும். 2 மேசைக்கரண்டி மஞ்சள்தூளைத் தண்ணீரில், தோசைமாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்து, கோடு போடாத வெள்ளைத் தாளில் சீராகப் பூசுங்கள். வழவழப்பான தாள் வேண்டாம், மஞ்சள் பிடிக்காது. நிழலில் காயவையுங்கள். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். சட்டையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போடுகிறோமே, அதே கதைதான். காய்ந்ததும் தூளைத் தட்டிவிட்டு, சில தாள்களை 2 விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டுங்கள். மற்றவை முழுதாகவே இருக்கட்டும்.

பூசும்போது கீழே செய்தித்தாள் விரியுங்கள். முதல்முறை நான் விரிக்கவில்லை. சிந்திய மஞ்சளைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க, தரை செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. கூடத்தைப் பூட்ட வந்த அண்ணன், "யாருக்கு என்னாச்சு?" என்று பதறிவிட்டார்.

மறுநாள் மேசையில் 5 டம்ளர்: தண்ணீர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிவு. சுண்ணாம்பு பெரியவர்கள் பொறுப்பு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சுண்டைக்காய் அளவு எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, தெளிந்து மேலே நிற்பதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படவே கூடாது. பிள்ளைகள் டம்ளருக்குள் கையை விடாமல், பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு மஞ்சள் பட்டையில் வைத்தால் போதும்.

வைப்பதற்கு முன், எது நிறத்தை மாற்றும் என்று ஆளுக்கு ஆள் ஊகித்து எழுதட்டும். அவசரத்தில் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். இல்லையென்றால், 'ஈரம் பட்டாலே சிவக்கும்' என்று ஒரு பிள்ளையாவது முடிவு கட்டிவிடும். தண்ணீர், எலுமிச்சை, புளி மூன்றுக்கும் மஞ்சள் அசையாது. சோப்பு பட்ட இடம் செம்பழுப்பாகும். சுண்ணாம்பு பட்டதும் குப்பென்று சிவக்கும்.

இந்த இடத்தில் விளக்க ஆரம்பிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். எங்கள் கூடத்தில், பேரனைக் கூட்டிவந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "இதுதானேப்பா ஆரத்தி கரைக்கிறது!" என்றார். அப்புறம் எவ்வளவு சுண்ணாம்புக்கு எந்தச் சிவப்பு என்று அவரே பாடம் எடுத்தார். என் பங்குக்குப் பெயர் மட்டும் சொன்னேன்: மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின், அது சோப்பு, சுண்ணாம்பு மாதிரியான காரத்தில் சிவக்கும். (காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள்.)

மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். தண்ணீரையும் எலுமிச்சையையும் பிரித்துச் சொல்லாது. அதற்குச் செம்பருத்தி இருக்கிறது. சிவப்பு இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். எலுமிச்சை விட்டால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிவு விட்டால் பச்சை.

கடைசியாக, சிவந்த பட்டையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொல்லுங்கள். பழையபடி மஞ்சள்! முழுத் தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். சோப்புத் தண்ணீரில் குச்சியைத் தோய்த்து எழுதினால், அவரவர் பெயர் செம்பழுப்பில் வரும்.