எலும்பு என்ன, பாத்திரத்தில் படியும் உப்புக் கறையா?

பிளஸ் டூ விடைத்தாள் முதல் சத்துமாவு விளம்பரம் வரை எல்லாரும் சொல்லும் கதை ஒன்றுதான்: கால்சியம் சாப்பிட்டால் ரத்தத்தில் கலக்கும், அப்புறம் எலும்பில் போய்ப் படியும், எலும்பு கெட்டியாகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பு படிகிற மாதிரி. தவறுகள் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அதிதெவிட்டிய கரைசல் என்று பள்ளியில் படித்திருப்போம், கரையக்கூடிய அளவைவிட அதிகமாகக் கரைந்து, படியத் தயாராக இருக்கும் கரைசல். நம் ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எலும்புப் படிகத்தைப் பொறுத்தவரை அந்த நிலையில்தான் இருக்கின்றன. அப்படியானால் எலும்பில் ஏன் படிகிறது என்று கேட்பதே தவறு, மற்ற இடங்களில் ஏன் படியவில்லை என்று கேட்க வேண்டும். பதில்: பைரோபாஸ்பேட், ஃபெட்டூயின், மேட்ரிக்ஸ் கிளா புரதம் என்று ஒரு காவல்படையே அதைத் தடுத்து வைத்திருக்கிறது. 1997இல் இந்த மேட்ரிக்ஸ் கிளா புரதத்துக்கான மரபணுவை நீக்கி எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். ரத்தக் குழாய்களில் சுண்ணம் ஏறி, குழாய் வெடித்து, இரண்டே மாதத்துக்குள் அந்த எலிகள் செத்துப்போயின.

எலும்பு உருவாகும் இடத்தில் மட்டும் அந்தக் காவல் விலக்கப்படுகிறது. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி பைரோபாஸ்பேட்டை உடைக்கிறது. 1923லேயே ராபர்ட் ராபிசன் இந்த நொதிக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பைப் பார்த்துவிட்டார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி. என்று வருமே, அதுதான். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட அது கூடுதலாக இருப்பது இயல்பு, எலும்பு வேலை நடக்கிறது என்று அர்த்தம். கல்லீரலிலும் இந்த நொதி உண்டு என்பதற்காக உடனே கல்லீரலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் போதுமான அளவு இருந்தாலும் எலும்பு கெட்டிப்படாது.

அடுத்த தவறு, 'எலும்பின் தாது ஹைட்ராக்ஸி அபடைட்' (கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சில் சேர்ந்த படிகம்) என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது. 1926இல் எக்ஸ்ரே விளிம்பு விளைவில், அதாவது படிகத்தில் பட்டு எக்ஸ்ரே சிதறும் விதத்தை வைத்து அதன் அமைப்பை அறியும் முறையில், அபடைட் போலத் தெரிந்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பாதிதான் சரி. எலும்பில் இருப்பது கலப்படமான அபடைட்: பாஸ்பேட் இருக்க வேண்டிய இடங்களில் எடையில் நான்கு முதல் எட்டு சதவீதம் வரை கார்பனேட் புகுந்திருக்கும், கால்சியம் கொஞ்சம் குறையும், பெயரிலேயே இருக்கிற ஹைட்ராக்சில்கூட அதிகம் இருக்காது. படிகம் ஒவ்வொன்றும் தகடு போல, கனம் இரண்டு முதல் நான்கு நானோமீட்டர்தான். குறையுள்ள படிகமாக இருப்பதால்தான் அது எளிதில் கரைகிறது, உடம்புக்குக் கால்சியம் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள முடிகிறது. நானே எம்.எஸ்சி. படித்தபோது மாட்டெலும்புத் தூளை உலையில் 900 டிகிரியில் சுட்டு, அதன் எக்ஸ்ரே வரைபடத்தில் ஊசி ஊசியாக முகடுகள் வந்ததும் 'இதோ எலும்புத் தாது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சூட்டில் கார்பனேட் போய்விடும், படிகம் பெருத்துவிடும். நான் அளந்தது உலை செய்த பொருளை, எலும்பில் இருந்ததை அல்ல.

எலும்புக்குள் இருக்கும் புரத நாரான கொலாஜனை மறப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். கோழிக் காலெலும்பு ஒன்றைச் சதை போகக் கழுவி வினிகரில் போட்டு வையுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் வரும், அது கார்பனேட் கரைவது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வினிகரை மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் எலும்பு ரப்பர் மாதிரி வளையும், ஆனால் வடிவம் அப்படியே இருக்கும். மிச்சம் நிற்பது பெரும்பாலும் கொலாஜன். எலும்பு செல்கள் முதலில் இந்த நாரைத்தான் நெய்கின்றன. பத்துப் பதினைந்து நாள் அது வெறும் நாராகக் காத்திருக்கும், பிறகுதான் தாது வரும். அதுவும் நேரே படிகமாக வருவதில்லை: ஒழுங்கற்ற கால்சியம் பாஸ்பேட்டாக வந்து, நாருக்குள் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரும் இடைவெளிகளில் புகுந்து, அங்கே நாரின் திசையிலேயே படிகமாகிறது. வரிக்குதிரை மீனின் துடுப்பில் இந்த முன்நிலையை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான தாது சில நாளில் ஏறிவிடும், மீதிக்கு மாதக்கணக்கில் ஆகும். எலும்புக்கு மாத்திரை ஆரம்பித்த அடுத்த மாதமே எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு ஓடுவதில் அர்த்தமில்லை.

படிகம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்ல எலும்பு என்றும் நினைக்க வேண்டாம். தர்மபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஹைட்ராக்சில் இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்தால் படிகம் இன்னும் உறுதியாகும், கரைவது குறையும். வருடக்கணக்கில் அந்தத் தண்ணீரையே குடித்து ஃபுளோரோசிஸ் என்ற ஃபுளோரைடு நோய் முற்றியவர்களின் எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளைவெளேரென்று அடர்த்தியாகத் தெரியும், ஆனால் தரையில் இருக்கும் சொம்பைக் குனிந்து எடுக்க அவர்களால் முடியாது.